கறண்ட் மிச்சம் பிடிக்கும் மல்ரிபிளக்: யாழ்ப்பாணத்து வீட்டுக்கு எது உதவும், எது வீண்செலவு

றிமோட்டால் ரிவியை நிப்பாட்டிய பிறகும் எரிந்துகொண்டிருக்கும் சின்னச் சிவப்பு லைற், கை வைத்துப் பார்த்தால் இளஞ்சூடாக இருக்கும் டிஷ் பெட்டி, பாட்டில்லாமலே மெல்ல இரைந்துகொண்டிருக்கும் ஊஃபர். மூன்றும் இரவு பகலாகக் கறண்ட் இழுத்துக்கொண்டே இருக்கின்றன. இந்தச் செலவை நிறுத்தவென்று விற்கப்படும் மல்ரிபிளக்குகள் இப்போது ஸ்ரான்லி வீதி, கஸ்தூரியார் வீதிப் பக்கத்துக் கடைகளில் மட்டுமில்லை, சுன்னாகம், நெல்லியடி, சாவகச்சேரியிலும் கிடைக்கின்றன. இணையத்தில் ஓடர் பண்ணினால் வீட்டு வாசலுக்கே வருகின்றன.

கிடைப்பவற்றைப் பொதுவாக நான்கு வகையாகப் பிரிக்கலாம். ஒவ்வொரு பொயின்ற்றுக்கும் தனிச் சுவிச் வைத்த சாதாரணப் பட்டி, ரிவியை நிப்பாட்டினால் மற்றவற்றைத் தானாக நிப்பாட்டும் மாஸ்ரர் பட்டி, நேரம் வைத்து இயங்கும் ரைமர், போனால் இயக்கும் வைஃபை பட்டி. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். பெரும்பாலான வீடுகளுக்கு ஒழுங்காகச் செய்யப்பட்ட சாதாரணச் சுவிச் பட்டி ஒன்றோ இரண்டோ போதும். மாஸ்ரர் பட்டி ரிவி மூலைக்கு மட்டும் நல்லது, அதுவும் சரியாகப் பூட்டினால். ரைமருக்கு ஒரேயொரு வேலை இருக்கிறது. வைஃபை பட்டியைக் கறண்ட் மிச்சத்துக்காக வாங்கவேண்டாம். விலை கூடக்கூட மிச்சமும் கூடும் என்ற கணக்கு இந்தச் சாமானுக்குப் பொருந்தாது.

எவ்வளவு வீணாகிறது?

ஒரு வாற் இழுக்கும் சாமான் ஒன்று வருடம் முழுக்கப் பிளக்கில் இருந்தால் 8.76 யூனிற் போகும். மாதக் கணக்கில் 0.72 யூனிற். ஆக, பத்து வாற் சும்மா இழுபட்டால் மாதம் 7.2 யூனிற். இந்த ஒரு கணக்கை மனதில் வைத்திருந்தால் கடைக்காரர் எதைச் சொன்னாலும் நீங்களே சரிபார்த்துக்கொள்ளலாம்.

இப்போது வரும் எல்ஈடி ரிவி நிப்பாட்டிய நிலையில் அரை வாற் அளவில்தான் இழுக்கும். அதற்கொரு காரணம் உண்டு. சர்வதேச சக்தி முகவரகம் 1999 இல் ‘ஒரு வாற்’ இலக்கை முன்வைத்தது. ஐரோப்பிய ஒன்றியம் 1275/2008 ஆம் இலக்க ஒழுங்குவிதியால் 2010 இல் ஒரு வாற், 2013 இல் அரை வாற் என்று எல்லை போட்டது. உலகச் சந்தைக்குச் செய்பவர்கள் அதற்கேற்ப மாற்றிக்கொண்டார்கள். பழைய பெட்டி ரிவி என்றால் கதை வேறு: மூன்று முதல் பத்து வாற் வரை போகும்.

ரிவியைவிட டிஷ் பெட்டிதான் பெரிய திருடன். பல பெட்டிகள் நிப்பாட்டினாலும் வேலை செய்யும்போது இழுப்பதற்குக் கிட்டத்தட்ட அதே அளவையே இழுக்கின்றன. முகப்பு லைற் நிறம் மாறுமே தவிர உள்ளே எல்லாம் ஓடும். எட்டு முதல் பதினைந்து வாற் வரை எதிர்பார்க்கலாம். அடுத்தது ஊஃபரோடு வரும் ஸ்பீக்கர் செற். உள்ளே பாரமான இரும்பு ட்ரான்ஸ்போமர் இருந்தால் ஐந்து முதல் பதினைந்து வாற். நிப்பாட்டிய டெஸ்க்ரொப் கணினி ஒன்று முதல் மூன்று, பிறின்ரர் ஒன்று முதல் நான்கு, நேரம் காட்டும் மைக்றோவேவ் இரண்டு மூன்று வாற். கணினிக்கு வைக்கும் யூபிஎஸ் பற்றறி நிரம்பிய பிறகும் ஐந்து முதல் பதினைந்து வாற்றைச் சூடாகவே வீணாக்கும்.

போன் சாஜரைப் பற்றித்தான் எல்லாரும் அதிகம் கவலைப்படுகிறார்கள். அது தேவையில்லை. போன் பூட்டாத நல்ல சாஜர் 0.1 வாற் அளவில் இழுக்கும். நான்கு சாஜரை மாதம் முழுக்கச் சுவரில் விட்டாலும் 0.3 யூனிற்கூட வராது. கழற்றி வைப்பது பாதுகாப்புக்கு நல்லது; பில்லில் தெரியாது. சோறு வெந்த பிறகு றைஸ் குக்கரைச் சூடு காக்கும் நிலையில் மூன்று மணித்தியாலம் விடுவது இதைவிடப் பன்மடங்கு செலவு: 40 வாற் என்று வைத்தால் மாதம் 3.6 யூனிற்.

டிஷ் பெட்டி 10, ஊஃபர் 8, டிவிடி பிளேயர் 1, ரிவி 0.5 வாற் என்று வைத்துக்கொள்வோம். கூட்டினால் 19.5 வாற். நாளுக்கு ஐந்து மணித்தியாலம் ரிவி பார்த்தால் மீதி 19 மணித்தியாலமும் வீண். மாதம் 11.1 யூனிற். இன்னொரு வீட்டில் டிஷ்ஷும் ஊஃபரும் இல்லாமல் ஸ்மார்ட் ரிவி மட்டும் என்றால் மாதம் 0.29 யூனிற். முதல் வீட்டுக்கு மல்ரிபிளக் போட்ட காசு சீக்கிரம் திரும்பும். இரண்டாவது வீட்டுக்கு இந்தத் தேவைக்காக எதையும் வாங்கவேண்டியதில்லை.

பில்லில் இது ஏன் கனக்கிறது?

எங்கள் மின்கட்டணம் படிப்படியாக ஏறுவது. மாதம் 60 யூனிற்றைத் தாண்டினால் மேலதிக யூனிற்றுக்கு மட்டும் கூடிய விலை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. 60 ஐத் தாண்டிய வீட்டுக்கு முதலாவது யூனிற்றில் இருந்தே வேறு விலை, நிலையான கட்டணமும் வேறு. பிறகு 90, 120, 180 என்ற எல்லைகளிலும் நிலையான கட்டணம் துள்ளும். மாதம் 64 யூனிற் வரும் வீட்டில் ஐந்து யூனிற் குறைந்தால் குறைவது அந்த ஐந்தின் காசு மட்டுமல்ல, முழுப் பில்லும் கீழ்ப்படிக்கு வந்துவிடும். 75 யூனிற் வீட்டில் அதே ஐந்து குறைந்தால் ஐந்து யூனிற்றின் காசுதான். எனவே கடைக்குப் போகமுன் கடைசி ஆறு பில்லையும் எடுத்து, எந்த எல்லைக்கு எவ்வளவு கிட்ட நிற்கிறீர்கள் என்று பாருங்கள். மீற்றர் வாசித்த நாட்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப எல்லையும் கூடிக்குறையும் என்பதால், 33 நாள் பில்லை 30 நாளுக்கு மாற்றிப் பார்க்கவேண்டும்.

வீட்டின் மொத்த வீண்செலவை அறிய ஒரு கருவியும் வாங்கத் தேவையில்லை. இலத்திரனியல் மீற்றராக இருந்தால் முகப்பில் ஒரு சிவப்பு லைற் கண் சிமிட்டும். அதன் பக்கத்தில் ஒரு யூனிற்றுக்கு எத்தனை சிமிட்டல் என்று 1600, 3200 மாதிரி ஒரு எண் அச்சிட்டிருக்கும். பிறிஜ், ஃபான், பல்ப் எல்லாவற்றையும் பத்து நிமிடம் நிப்பாட்டி, சும்மா நிற்கும் சாமான்களை மட்டும் பிளக்கில் விட்டு, ஒரு சிமிட்டலுக்கும் அடுத்ததற்கும் இடையில் எத்தனை விநாடி என்று எண்ணுங்கள். 36 இலட்சத்தை அந்த அச்சிட்ட எண்ணாலும் விநாடியாலும் பிரித்தால் வாற் வரும். 1600 மீற்றரில் 90 விநாடிக்கு ஒருமுறை சிமிட்டினால் 25 வாற். மாதம் முழுக்க அப்படியே என்றால் 18 யூனிற். தட்டுச் சுழலும் பழைய மீற்றரில் இந்தச் சோதனை அவ்வளவு சரிவராது, சிறிய சுமைக்குத் தட்டு அசையத் தயங்கும்.

பிளக்கில் செருகிப் பார்க்கும் வாற் மீற்றர் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். மலிவான மீற்றர்கள் ஒன்றிரண்டு வாற்றுக்குக் கீழே நம்பும்படியாகக் காட்டுவதில்லை. ரிவி மூலைச் சாமான் எல்லாவற்றையும் ஒன்றாகப் பூட்டி, ஒரு நாள் முழுக்க ஓடவிட்டு, யூனிற் கணக்கைப் பாருங்கள். வயரைச் சுற்றிக் கவ்வி அளக்கும் கிளாம்ப் மீற்றரால் அம்பியரை அளந்து 230 ஆல் பெருக்குவது தவறு. இப்படிப்பட்ட சாமான்களில் அது உண்மையான வாற்றைவிட மிகக் கூடுதலாகக் காட்டும், ஆனால் வீட்டு மீற்றர் கணக்கெடுப்பது உண்மையான வாற்றைத்தான். இந்தக் குழப்பத்தை வைத்துத்தான் ‘கறண்ட் சேமிக்கும் பெட்டி’ என்று பச்சை லைற்றோடு வரும் சாமானை விற்கிறார்கள். அதைத் திறந்தால் உள்ளே ஒரு கப்பாசிற்றர் இருக்கும். அம்பியர் குறைவதைக் கிளாம்ப் மீற்றரில் காட்டுவார்கள், யூனிற் குறையாது. அதை வாங்கவே வேண்டாம்.

சாதாரணச் சுவிச் பட்டி

எங்கள் முதல் தெரிவு இது. நிப்பாட்டினால் முழுமையாக நிற்கும். சுவிச்சுக்குள் இருக்கும் சின்ன நியோன் லைற் எரியும்போதுகூட 0.2 வாற் அளவுதான். ஆனால் இந்த எளிய சாமானில்தான் தரக்குறைவும் அதிகம். வாங்கும்போது கொஞ்சம் மினக்கெடவேண்டும்.

முதலில் வயர். அதன் தோலில் மூன்று கம்பி, ஒவ்வொன்றும் எத்தனை சதுர மில்லிமீற்றர் என்று அச்சிட்டிருக்கவேண்டும். 0.75 என்றால் ரிவி மூலைக்கு மட்டும். 1.25 அல்லது 1.5 என்றால்தான் 13 அம்பியர் என்று எழுதியிருப்பதை நம்பலாம். ஒன்றுமே அச்சிடாத வயரை வைத்துவிடுங்கள். அடுத்து ஒரு சின்னக் காந்தம் கொண்டுபோங்கள். பிளக்கின் பின்னில் ஒட்டினால் அது பித்தளை முலாம் பூசிய இரும்பு. பின்களே இரும்பு என்றால் உள்ளே இருக்கும் தகடும் அப்படித்தான் இருக்கும். பிளக்கில் பியூஸ் இருக்கவேண்டும், துளைகளுக்குள் பிள்ளைகள் கம்பி விடாமல் மூடும் தடுப்பு இருக்கவேண்டும், எஸ்எல்எஸ் என்ற இலங்கைத் தர இலச்சினை இருக்கவேண்டும். இலங்கையில் இப்போது 13 அம்பியர் சதுரப் பின்தான் தரமாக ஏற்கப்பட்டது. எல்லா நாட்டுப் பிளக்கும் போகும் என்று பெருமையாக விற்கும் அகலத் துளைப் பட்டி எதையும் இறுகப் பிடிக்காது.

மலிவான பட்டி ஒன்றைக் கவிழ்த்துப் பின்பக்க ஸ்குரூக்களைக் கழற்றிப் பார்த்தால் காரணம் விளங்கும். நல்லதில் பட்டியின் நீளத்துக்கு மூன்று பித்தளைத் தகடுகள் ஓடும். ஒவ்வொரு பொயின்ற்றும் அதே தகட்டில் மடித்துச் செய்திருக்கும். மலிவானதில் பொயின்ற்றுக்குப் பொயின்ற் துண்டுத் துண்டாக மெல்லிய வயரை ஈயத்தால் ஒட்டியிருப்பார்கள். மூன்றாவது துளை, அதாவது ஏர்த் போகவேண்டிய துளை, சில பட்டிகளில் வெறும் பிளாஸ்ரிக் ஓட்டைதான். உள்ளே தகடே இல்லை. வெளியில் இருந்து பார்த்தால் தெரியாது. லப்ரொப்பின் உலோக உடலைத் தொடும்போது விரலில் சுள்ளென்று ஓடுவதற்குப் பல வீடுகளில் இதுதான் காரணம். பட்டியைத் திறக்காமலே சோதிக்கலாம்: சுவரில் இருந்து கழற்றியபின், மல்ரிமீற்றரை ஓம் அளவில் வைத்து, பிளக்கின் பெரிய பின்னுக்கும் ஒவ்வொரு பொயின்ற்றின் மேல்துளைக்கும் இடையில் பாருங்கள். ஏறக்குறையப் பூச்சியம் காட்டவேண்டும்.

பட்டிகளில் சுவிச் பெரும்பாலும் ஒரு கம்பியை மட்டும்தான் வெட்டும். சதுரப் பின் பிளக்கும் ஒழுங்கான வயரிங்கும் இருந்தால் அது உயிர்க்கம்பியாக இருக்கும். இரண்டு பின் பட்டியை மாற்றிச் செருகினாலோ, சுவர்ப் பொயின்ற்றில் கம்பி மாறிப் பூட்டியிருந்தாலோ, சுவிச் நிப்பாட்டியபோதும் சாமானுக்குள் உயிர்க்கம்பி இருக்கும். பழைய உருண்டைப் பின் வயரிங் உள்ள வீடுகளில் எலெக்ரிசியனைக் கொண்டு ஒருமுறை பார்ப்பது நல்லது.

மாஸ்ரர் பட்டி

இதில் ஒரு பொயின்ற் மாஸ்ரர், மூன்று நான்கு பொயின்ற் அதன் கீழ், அநேகமாக ஒன்றிரண்டு எப்போதும் ஓடுபவை. மாஸ்ரரில் போகும் கறண்ட்டை உள்ளே ஒரு சுற்று அளந்துகொண்டிருக்கும். குறித்த எல்லைக்குக் கீழே போனதும் றிலே என்ற தானியங்கிச் சுவிச் ‘டிக்’ என்று விழும். கீழ்ப் பொயின்ற்றுகள் செத்துவிடும். திரும்ப ரிவியைப் போட்டால் எல்லாம் உயிர்க்கும். வயதானவர்கள் இருக்கும் வீட்டுக்கு இது உண்மையிலேயே நல்ல சாமான். குனியத் தேவையில்லை, றிமோட் மட்டும் போதும்.

ஆனால் பெரும்பாலானவர்கள் இதைப் பிழையாகப் பூட்டுகிறார்கள். டிஷ் பெட்டியை மாஸ்ரரில் செருகுவதுதான் முதல் பிழை. பெட்டி நிப்பாட்டினாலும் அதே அளவு இழுப்பதால் பட்டிக்கு அது நின்றதே தெரியாது, றிலே விழாது. மாஸ்ரரில் ரிவி, கீழ்ப் பொயின்ற்றுகளில் டிஷ் பெட்டியும் ஊஃபரும் டிவிடியும். இந்த ஒழுங்கை மாற்றவேண்டாம். கணினி மேசையில் லப்ரொப்பை மாஸ்ரராக வைப்பதும் சரிவராது. பற்றறி நிரம்பியதும் அது இழுப்பது குறைய, நீங்கள் வேலை செய்துகொண்டிருக்கும்போதே ஸ்கிரீனும் பிறின்ரரும் செத்துப்போகும். டெஸ்க்ரொப் என்றால் ஒத்துவரும்.

எல்லையை மாற்றும் திருகு உள்ள மொடலாகப் பார்த்து வாங்குங்கள். அதைச் சரிசெய்வது ஐந்து நிமிட வேலை. ரிவியைப் போட்டுவிட்டு, சின்ன ஸ்குரூட்றைவரால் திருகை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பிக் கீழ்ப் பொயின்ற்றுகள் உயிர்க்கும் இடத்துக்குக் கொண்டுவாருங்கள். பிறகு றிமோட்டால் ரிவியை நிப்பாட்டி அரை நிமிடம் பொறுங்கள். றிலே விழவில்லை என்றால் திருகை மெதுவாக மறுபக்கம் நகர்த்துங்கள். ‘டிக்’ கேட்ட இடத்தில் நிறுத்தி, இன்னும் ஒரு மயிரிழை தள்ளிவிடுங்கள். ரிவியைத் திரும்பப் போட்டு, இருட்டுக் காட்சி வரும்போதும் கீழ்ப் பொயின்ற்றுகள் விழாமல் நிற்கின்றனவா என்று பாருங்கள். ஸ்மார்ட் ரிவிகளில் உடனே திறக்கும் வசதி ஒன்று இருக்கிறது. அது போட்டிருந்தால் நிப்பாட்டிய பிறகும் பத்து இருபது வாற் இழுத்துக்கொண்டு நிற்கும். றிலே விழப் பிந்தும் அல்லது விழாது. செற்றிங்ஸில் போய் அதை நிப்பாட்டுங்கள்.

இரண்டு குறை சொல்லவேண்டும். பட்டியின் உள்சுற்றே அரை முதல் ஒரு வாற் இழுக்கும், மாதம் 0.4 முதல் 0.7 யூனிற். கீழே இருப்பவை மொத்தம் இரண்டு வாற்தான் என்றால் மிச்சம் பிடிக்க ஒன்றும் மீதி இல்லை. அடுத்தது, ஊஃபர் போடும் கணத்தில் பாயும் கறண்ட்டால் மலிவான றிலேயின் தொடுமுனை காலப்போக்கில் ஒட்டிக்கொள்ளும். ‘டிக்’ சத்தம் கேட்கும், ஆனால் கீழ்ப் பொயின்ற் சாகாது. மாதம் ஒருமுறை ரிவியை நிப்பாட்டிவிட்டு டிஷ் பெட்டி லைற் அணைகிறதா என்று பார்த்தால் பிடித்துவிடலாம்.

ரைமரும் வைஃபையும்

வட்டத்தைச் சுற்றிக் குட்டிப் பின்கள் உள்ள ரைமர், ஒவ்வொரு பின்னும் கால் மணித்தியாலம். வைஃபை றவுட்டருக்கு இது பொருந்தும். எட்டு வாற் றவுட்டரை இரவு 11 இல் இருந்து விடிய 5 வரை நிப்பாட்டினால் மாதம் 1.4 யூனிற். பெரிய தொகை இல்லை; ரைமரும் அதில் கொஞ்சத்தைத் தின்னும். 60 இன் எல்லையில் நிற்கும் வீட்டுக்கு மட்டும் யோசிக்கலாம். இரண்டு எச்சரிக்கை: கறண்ட் போனால் வட்டம் நின்றுவிடும், எவ்வளவு நேரம் போனதோ அவ்வளவு நேரம் பிந்தும். பைபர் இணைப்பில் வீட்டுப் போனும் அதே றவுட்டரில் ஓடுகிறது என்றால் றவுட்டர் நின்ற நேரம் அந்தப் போனும் இல்லை. கனடாவின் ரொறன்ரோவில் மாலை ஆறு மணி இங்கு அதிகாலை மூன்றரை அல்லது நாலரை. அந்த நேரத்தில்தான் பிள்ளைகள் கோல் எடுப்பார்கள். அப்பா அம்மா தனியே இருக்கும் வீட்டில் றவுட்டரை விட்டுவிடுங்கள்.

வைஃபை பட்டி போனில் இருந்து இயக்க வசதியானது, அதில் சந்தேகமில்லை. ஆனால் அது எந்நேரமும் ஒரு வாற் அளவில் இழுக்கும், றவுட்டரும் எந்நேரமும் ஓடவேண்டும். ஆக இரண்டு சாமான் விழித்திருந்து மூன்றாவதைத் தூங்கவைக்கின்றன. வாங்கியே தீருவோம் என்பவர்கள் கறண்ட் போய் வந்தபின் ‘முன்பிருந்த நிலைக்குப் போ’ என்ற தெரிவு இருக்கும் மொடலாகப் பாருங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு கறண்ட் கட்டுக்குப் பிறகும் எல்லாம் தானாக ஓடத்தொடங்கலாம். ஊரில் பூட்டிக் கிடக்கும் வீட்டுக்காக வெளிநாட்டில் இருந்து இதை வாங்கி அனுப்புகிறார்கள். அதற்கு மெயின் சுவிச்சை நிப்பாட்டினாலே போதும்.

வெளிநாட்டுப் பார்சலில் வரும் பட்டிகள்

இந்தப் பகுதியைத் தயவுசெய்து கவனமாக வாசியுங்கள். கனடா, அமெரிக்காப் பட்டி 120 வோல்ற்றுக்குச் செய்தது. அதற்குள் மின்னலைத் தடுக்கவென்று ஒரு சின்ன வட்டத் துண்டு, எம்ஓவி என்பார்கள், 130 அல்லது 150 வோல்ற்றைத் தாங்கும்படி இருக்கும். எங்கள் 230 வோல்ற்றில் செருகிய கணமே அது கறண்ட்டைக் கடத்தத் தொடங்கிக் கொதித்து வெடிக்கும், பிளாஸ்ரிக்கும் பற்றும். அடப்ரர் போட்டால் சரி என்று நினைப்பது ஆபத்து, அடப்ரர் பின்னின் வடிவத்தை மட்டும்தான் மாற்றும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் இங்கு அதற்கு வேலை இல்லை.

லண்டனில் இருந்து வருவது நேராகப் பொருந்தும்: அதே சதுரப் பின், அதே வோல்ற், பியூஸும் உண்டு. மாஸ்ரர் பட்டி கேட்பதென்றால் லண்டன் சொந்தக்காரரிடம் கேளுங்கள். ஜேர்மனி, பிரான்ஸ், சுவிஸ் பட்டிகளுக்கு வோல்ற் சரி, பின் வேறு. மலிவான அடப்ரர் போட்டால் ஏர்த் தொடர்பு அறுந்துவிடும். பிளக்கை வெட்டி 13 அம்பியர் பியூஸ் பிளக் ஒன்றை எலெக்ரிசியன் மூலம் பூட்டுவதுதான் வழி.

எதைப் பூட்டக்கூடாது

பிறிஜ், தண்ணி மோட்டர், அயன்பெட்டி, கேத்தில், றைஸ் குக்கர், ஏசி. இவை சுவர்ப் பொயின்ற்றில் நேராகவே இருக்கட்டும். காரணம் பட்டியில் எழுதியிருக்கும் அம்பியரில் மட்டும் இல்லை. தகடு தளர்ந்தோ உப்புப் பிடித்தோ ஒரு இடத்தில் 0.1 ஓம் தடை வந்துவிட்டது என்று வைப்போம். டிஷ் பெட்டியின் கறண்ட்டுக்கு அது ஒன்றுமே செய்யாது. பத்து அம்பியர் கேத்திலைப் போட்டால் அந்த ஒரு புள்ளியில் பத்து வாற் சூடு. விரல்நுனி அளவு தகட்டுக்கு அது அதிகம். துளையைச் சுற்றிப் பிளாஸ்ரிக் மண்ணிறமாகும், பிறகு உருகும். குருநகர், பாசையூர், வல்வெட்டித்துறை, காரைநகர், தீவுப்பகுதி என்று கடற்காற்று அடிக்கும் இடங்களில் பித்தளை சீக்கிரம் பச்சை பிடிக்கும். அங்கு வருடத்துக்கு ஒருமுறை பிளக்கின் பின்களைத் துடைத்துப் பார்க்கவேண்டும்.

இங்க்ஜெற் பிறின்ரர் ஒரு தனிக்கதை. முதலில் அதன் பட்டனால் நிப்பாட்டி, தலை மூலைக்குப் போய் மூடிக்கொண்ட பிறகுதான் பட்டியை நிப்பாட்டவேண்டும். நேராக வெட்டினால் தலை திறந்தபடி காய்ந்துவிடும். ஒவ்வொரு நாளும் போட்டு நிப்பாட்டுவதும் நல்லதல்ல. பல பிறின்ரர்கள் திரும்பப் போடும்போது மையை ஊற்றித் தலையைக் கழுவும். மிச்சம் பிடித்த கறண்ட்டைவிட மை விலை கூட. ஓலெட் ரிவி வைத்திருப்பவர்களும் பார்த்து முடித்தவுடன் வெட்டவேண்டாம், அது நிப்பாட்டிய பிறகுதான் திரையைத் தானே சீர்செய்யும். டிஷ் பெட்டி முழுதாக நின்றால் திரும்பச் சனல் வரச் சில நிமிடம் எடுக்கும், பதிவு போட்டிருந்தால் அது நடக்காது. இவ்வளவுதான் கொடுக்கவேண்டிய விலை.

ஐப்பசி, கார்த்திகை இடிமழைக்கு எந்தப் பட்டியையும் நம்பவேண்டாம். சுவிச்சுக்குள் இருக்கும் இடைவெளி சில மில்லிமீற்றர். மின்னலுக்கு அது ஒரு தடையே இல்லை. பட்டியைச் சுவரில் இருந்து கழற்றி, டிஷ் வயரையும் பெட்டியில் இருந்து கழற்றிவிடுங்கள். பல ரிவிகள் செத்தது கறண்ட் வயரால் இல்லை, டிஷ் வயர் வழியாக வந்ததால்.

பூட்டும்போது பட்டியை ரிவி ஸ்ராண்டுக்குப் பின்னால் தரையில் போடவேண்டாம். கைக்கு எட்டாத சுவிச்சை மூன்றாம் நாளில் இருந்து ஒருவரும் நிப்பாட்டமாட்டார்கள். மாரியில் தரை ஈரமும் எறும்பும் உள்ளே போகும். பின்பக்கத்தில் ஸ்குரூவில் மாட்டும் துளை இருக்கும் பட்டியாக எடுத்து, இடுப்பளவு உயரத்தில் சுவரில் மாட்டுங்கள். ஒவ்வொரு சுவிச்சுக்கும் மேலே பிளாஸ்ரரில் பேர் எழுதி ஒட்டுங்கள். றவுட்டரும் சிசிரிவிப் பெட்டியும் இந்தப் பட்டிக்கே வரக்கூடாது. பட்டிக்குள் பட்டி செருகக்கூடாது.

சுவிச் அழுத்தும்போது சரசரவென்று சத்தம், பிளக் தானாக வெளியே வழுகுதல், கை வைத்தால் சூடு: மூன்றில் ஒன்று வந்தாலும் பட்டியை மாற்றுங்கள், திருத்தவேண்டாம். பழையதைச் சுவரில் இருந்து கழற்றி, வயரைப் பிளக்கடியில் வெட்டிவிட்டுக் குப்பையில் போடுங்கள். முழுதாகப் போட்டால் யாராவது எடுத்துக்கொண்டுபோய்த் தண்ணி மோட்டருக்குப் பூட்டுவார்கள்.